உட்கார்ந்து பார்த்த முகம்

செர்வா லேப்டாப்போடு சேர்க்க ஒரு மானிட்டர் வாங்கக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலையில். ஏழு மாதத்துக்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அது அவளுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஏழு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கானா நாட்டுக் குமாசி நகரத்தில் துக்கப் போஸ்டர் தயாரிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் பரீட்சை நாள். ஊரில் பாதிப் பேர் யாரையாவது அடக்கம் செய்துகொண்டிருப்பார்கள்; மீதிப் பேர் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போஸ்டருக்கு மார்க் போடுவார்கள். பதினோரு வருடமாக செர்வா ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை. அத்தனையையும் ஒரே ஒரு பழைய லேப்டாப்பில் செய்து முடித்தவள். அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு கொனாடுவின் அம்மா இறந்துபோனாள். கொனாடு செர்வாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உயிர்த்தோழி. அம்மா மாமே பிராகோ கெஜேட்டியா சந்தையில் கருவாடு விற்றவள். எண்பத்தொரு வயது, நல்ல கறுப்பு, நல்ல வாய். முகத்தில் வெளுப்பு க்ரீம் பூசிக்கொண்டு வரும் பெண் எவளாவது கண்ணில் பட்டால் போதும், "தோலுன்னா என்னடி துணியா, போட்டு வெளுக்கிறதுக்கு?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள்.

போஸ்டருக்குக் குடும்பத்துப் பெரியவர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். செர்வா லேப்டாப்பை மார்பளவு உயரமான அலமாரி மேல் மரியாதையாக வைத்தாள். பெரியவர்கள் எதிரே தாழ்ந்த சோபாவில் வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். மலிவான திரையைக் கீழேயிருந்து பார்த்தால் எல்லாமே இருட்டிக்கொள்ளும். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"என்ன இது, அடுப்புக்கரி மாதிரி இருக்காளே? எங்க பிராகோ கறுப்புதான், ஆனா இவ்வளவா?" என்றாள் கொனாடுவின் மூத்த பெரியம்மா.

செர்வா கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினாள். பெரியம்மா உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் ஏற்றினாள். ஆறாவது தடவைதான் பெரியம்மா தலையாட்டினாள். நின்றுகொண்டிருந்த செர்வாவின் கண்ணுக்குப் படம் முழுக்கப் பால் அதிகமாக ஊற்றிய கோகோ மாதிரி இருந்தது. 'நான் நிக்கிற இடம் சரியில்லை போல' என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து நேராக ஒரு தடவை பார்த்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். பெரியவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள், பிரஸ்ஸில் அவசரப்படுத்தினார்கள், டாக்ஸியில் உட்கார்ந்தபடியே ஃபைலை அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பெரியம்மா வீடு இருக்கிற பன்டாமாவின் முச்சந்தியில் பதினைந்து அடி உயரத்தில் மாமே பிராகோ வெள்ளைவெளேரென்று சிரித்தாள். பார்த்த அந்த நிமிடமே அது யாருடைய தப்பு என்று செர்வாவுக்குத் தெரிந்துவிட்டது. கருவாட்டுக்காரிகள் கூட்டமாக வந்தார்கள். துக்கத்துக்கான கறுப்பு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, கைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்தியாடி? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, இந்தம்மா வீட்டுக்குள்ள உக்காந்து டப்பா டப்பாவா பூசியிருக்கு!"

கொனாடு அழுத அழுகை அம்மா செத்ததற்கு அழுததைவிடப் பெரிசு. பெரியவர்கள் நேராகப் பிரஸ்ஸுக்குப் போனார்கள். மெஷின் ஓட்டியவர் அம்போன்சா. பதினெட்டு வருடமாக மை கலக்கிய மனுஷர். அந்த வாரம்தான் கறுப்பு மை வேறு கம்பெனியுடையதாக மாற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி பிரஸ் கம்ப்யூட்டரில் பழைய ஃபைல்களையெல்லாம் வழக்கம்போல அழித்துவிட்டார்கள், ஒத்துப் பார்க்கவும் எதுவும் மிச்சமில்லை. செர்வாவிடம் தப்பே வராது என்று அவர் நம்பியதால், தப்பு தன்னுடையதுதான் என்று தலை குனிந்தார். முதலாளி அன்றைக்கே அவரை வெளியே அனுப்பிவிட்டான். செர்வா வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், துக்கம் ஆறட்டும், நாற்பதாம் நாள் போகட்டும் என்று தள்ளித் தள்ளி ஏழு மாதத்தைக் கடத்திவிட்டாள். மானங்கெட்ட பிழைப்பு என்று தன்னையே தினமும் திட்டிக்கொள்வதில் மட்டும் குறை வைக்கவில்லை.

நல்ல திரை ஒன்று வாங்கினால் இனிமேலாவது இப்படி நடக்காது என்றுதான் அடும் என்கிற கடைத்தெருவுக்கு வந்தாள். ஐரோப்பிய ஆபீஸ்கள் கழித்துப்போட்ட மானிட்டர்களைக் கண்டெய்னரில் இறக்கி விற்கிற கடை அது. உள்ளே நுழைந்ததும், ஈரத்துணியால் ஒரு திரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். அம்போன்சா.

திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கால் பின்னால் போனது. அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"ஏய், செர்வா! எங்க தொலைஞ்சு போன? கல்யாணம் பண்ணிக்கிட்டு எங்களுக்குச் சோறு போடாம ஏமாத்திட்டியோன்னு நெனச்சேன்."

"இல்லண்ணா... வேலை."

"ஆமாமா. இந்த ஊர்ல சாகிறவங்க லீவே எடுக்கிறதில்ல. சரி, என்ன வேணும்?"

"மானிட்டர். லேப்டாப்போட சேத்து வெச்சுக்க. கலர் சரியாத் தெரியணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மானிட்டர்களை வரிசையாக எடுத்து வைத்து, மூன்றிலும் ஒரு பூப்படத்தைப் போட்டார். செர்வாவின் கை முதலாவதைத்தான் தொட்டது. பெரிசாக, பளிச்சென்று இருந்தது, விலையும் குறைவு.

"பளபளப்பைப் பாத்து மயங்காத. பேனலைப் பாரு. இது டி.என். பேனல், மலிவு ரகம்; அந்தா இருக்கிறது ஐ.பி.எஸ்., ஒசந்த ரகம். இப்பக் குந்து."

"என்னது?"

"குந்துன்னா குந்தும்மா! வர்றவன் எல்லாம் ராஜா மாதிரி நேரா நின்னு பாத்துட்டு வாங்கிட்டுப் போறான். கீழேருந்து பாத்தாத்தான் இதோட புளுகு தெரியும்."

பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தினாள். பளிச்சென்று இருந்த படம் அப்படியே கருகிப்போயிற்று. சோபாவில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் கண்ணால் தான் இப்போது பார்க்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தலையைத் திருப்பி ஐ.பி.எஸ். திரையைப் பார்த்தாள். அது நின்று பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இதுவும் போதாது. கறுப்பு முகம் ஒண்ணு போட்டுப் பாக்கணும். கடைல பூவும் கடலும் போட்டுக் காட்டுவானுங்க, அதுல எல்லா மானிட்டரும் அழகுதான். நம்ம முகத்தைப் போட்டாத்தான் குட்டு வெளிப்படும். பென் டிரைவ் ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

இருந்தது. பையின் உள்பாக்கெட்டில், மாமே பிராகோவின் படத்தோடு இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு, ஐ.பி.எஸ்ஸையே கட்டித் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"பிரஸ்ஸுக்குத் திரும்பப் போகலையாண்ணா?" என்று கேட்டாள். ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகு நொந்துகொண்டாள்.

"போன மாசம் முதலாளியே கூப்பிட்டான். புதுப் பையனுக்கு ஒண்ணும் வரலையாம். நான்தான் மாட்டேன்னுட்டேன்." அவர் துணியை மடித்தார். "கண்ணு மேல நம்பிக்கை போயிருச்சு, செர்வா. மெஷின்லேருந்து அந்தம்மா முகம் வெளிய வர்றப்ப என் எதிர்லதானே வந்துச்சு? எனக்கு வித்தியாசமே தெரியலையே. செத்தவங்க முகத்தைக் கெடுத்தவன் இன்னொரு முகத்தைத் தொடக் கூடாது."

செர்வா பையைத் திறந்தாள். பென் டிரைவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"முதல்ல இருக்கிற ஃபைலைத் திறங்க."

அவர் திறந்தார். பெயரைப் படித்ததும் அவர் கை நின்றது. "இது..."

"நான் உங்களுக்கு அனுப்பினது. அதேதான். ஒண்ணுமே மாத்தலை."

ஐ.பி.எஸ். திரையில் மாமே பிராகோ வெளுத்துப்போய்ச் சிரித்தாள். அம்போன்சா நேராகப் பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். முழங்கால் சடசடக்கக் குந்திப் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் அதே வெளுப்பு. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"பெரியவங்க கீழ உக்காந்திருந்தாங்கண்ணா. இருட்டா இருக்குன்னு சொன்னாங்க. நான் ஏத்திக்கிட்டே..."

"அது சரி. தெரியாம நடந்தது." அவர் அவளைப் பார்க்கவில்லை. "முச்சந்தில போஸ்டரைப் பாத்தப்பத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மன்னிப்புக் கேக்க, வழக்கப்படி நான் ஷ்நாப்ஸ் சாராயப் புட்டி வாங்கிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழட்டிட்டு நின்னேன். பெரியம்மா புட்டியை வாசல்லயே வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னால விருந்தாளிக்குத் தண்ணி கொடுக்கணுமே, அந்தத் தண்ணியை எடுத்துட்டு வந்து என் கைல கொடுத்தது நீ."

மன்னிச்சிருங்க என்ற வார்த்தை செர்வாவின் வாய்வரை வந்தது. அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. போனை எடுத்துக் கொனாடுவைக் கூப்பிட்டாள். கொனாடுவின் குரல் எப்போதும் தெருவுக்கே கேட்கும், கடைக்குக் கேட்காதா?

"செர்வா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். அம்மாவோட வருஷ நினைவுக்கும் நீதான் போஸ்டர் போடணும். நல்ல பிரஸ்ஸாப் பாரு. அந்த அம்போன்சா மாதிரி குருட்டுப் பய எவன் கைலயும் குடுத்துறாத."

அம்போன்சா தலையைக் குனிந்துகொண்டார்.

"கொனாடு, கேளு. பிரஸ்ல தப்பு நடக்கலை. அம்மா முகத்தை வெளுத்தது நான். அந்த சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லலை."

பதிலாக வந்த குரல் கொனாடுவின் குரல் மாதிரியே இல்லை.

"சந்தையில அவளுங்க எங்கம்மாவைப் பேசினதெல்லாம் நான் உன் மடியிலதானே படுத்து அழுதேன்? முடியைத் தடவிக் கொடுத்தியே."

"ஆமா."

கொனாடு வைத்துவிட்டாள்.

அம்போன்சா எழுந்தார். ஐ.பி.எஸ். மானிட்டரின் கம்பிகளைக் கழற்றினார். திரைக்கு மேல் ஒரு பழைய துணியைச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். பென் டிரைவைப் பெட்டியின் மேலேயே வைத்தார்.

"இதைப் பெரியம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. அவங்க உக்கார்ற சோபாவுக்கு எதிர்ல, தரையில வெச்சுக் காட்டு. எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு சொல்லு."

"நீங்களும் கூட வாங்கண்ணா. ஒத்தையாப் போக பயமா இருக்கு."

"நான் ஏற்கெனவே போயிட்டு வந்தாச்சும்மா," என்றார் அம்போன்சா.

செர்வா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பன்டாமா போகிற வண்டி நிற்கிற பக்கமாக நடந்தாள்.