ஆடியில் வந்த பெட்டி

எங்கள் கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம் வந்தாலே எனக்குப் பயம்தான். எண்ணூறு பேர் வருகைக்கு விரல் வைப்பார்கள். நூற்றிருபது கேமராக்கள் படம் அனுப்பும். அத்தனையும் என் சர்வர் ரூமில் இருக்கும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில்தான் பதிய வேண்டும். பக்கத்திலேயே புதிய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. ஆடி மாதத்தில் வந்து இறங்கியதுதான் அது செய்த குற்றம்.

பாதி வேலையைப் புதியதற்கு மாற்றிவிடலாம் என்று மேனேஜர் வரதன் சாரிடம் கேட்டேன். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சி ஆரம்பிக்கலாம்மா. அதுவரிக்கும் அதுல கைய வெக்காத" என்றார். எனக்கு ஆடியும் இல்லை, ஆயுத பூஜையும் இல்லை; ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல், பூஜைக்கே வைத்துக்கொள்ளலாம் சார் என்று தலையாட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆசிட் தொட்டியைக் கழுவும் வேலை நடந்தது. தொட்டிக்குள் இருக்கும் மீட்டர் விஷவாயுவின் அளவை விடாமல் அனுப்பும். அதுவும் அதே பழைய பெட்டியில் பதிந்த பிறகுதான் கண்ட்ரோல் ரூம் திரைக்குப் போகும். திரை பச்சையாக இருந்தால் ஆளை இறக்குவார்கள். அன்று இறங்கியவன் அன்பு, என் தங்கை கிறிஸ்டினாவின் வீட்டுக்காரன்.

மணி 1:58, ஷிஃப்ட் மாறும் நேரம். என் சர்வர் ரூம் திரையிலும் தெரிந்த வாயு அளவின் நேரத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். 1:46. பன்னிரண்டு நிமிடத்து அளவுகள் பதிய இடம் கிடைக்காமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது பழைய பச்சை.

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். ஆபரேட்டர் மோசஸ் எடுத்தான். திரையில் இருப்பது பழைய அளவு என்று சொல்லி, ஆளை வெளியே தூக்கச் சொன்னேன்.

"பச்சையாத்தான்க்கா கீது. சார் சொல்லாம நான் எப்டி தூக்குறது?"

வரதன் சார் போனை எடுக்கவில்லை. திரை உண்மையைச் சொன்னால்தான் மோசஸ் நம்புவான். நூற்றிருபது கேமராக்களையும் மொத்தமாகப் புதிய பெட்டிக்குத் திருப்பிவிட்டேன். மாற்றும்போது கேமராப் பதிவுகள் அழிந்தால் வேலை போகும், போகட்டும் என்று நினைத்தேன்.

பழைய பெட்டி மூச்சு விட்டது. தேங்கிய அளவுகள் நகர்ந்தன. 1:47 பச்சை. 1:48 பச்சை. அடுத்தது சிவப்பு. அதன் பிறகு எல்லாமே சிவப்பு. சைரன் அலறியது.

நான் தொட்டிக்கு ஓடினேன். அன்புவைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போட்டபோது அவனுக்கு நினைவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் வைத்த பிறகு இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது.

வரதன் சார் ஓடிவந்தார். யாரைக் கேட்டுப் புதிய பெட்டியைத் தொட்டாய் என்று அவர் கேட்கவில்லை. சிவப்பு எப்போது விழுந்தது என்று கேட்டார்.

"1:49 சார்."

"அன்பு எப்ப எறங்குனான்?"

"1:52."

அவர் முகம் வெளுத்துப்போனது.

"பூஜை வரிக்கும் போவட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றார், மெல்ல.

"நானும்தான் சரின்னேன் சார்."