பயறு முளைத்த யன்னல்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நல்லூர்க் கந்தன் தூரத்தில் இருப்பதால் இங்கே ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் மேல் சத்தியம் செய்கிறேன். பொய்யென்றால் ரயிலேறி வந்து கேட்கக்கூடிய தெய்வம்.

2004ஆம் ஆண்டு மாரி. கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீடு, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேய எஞ்சினியர் கட்டியது. அந்த மனுசன் தன் ஊர் யன்னல்களையும் கூடக் கொண்டுவந்துவிட்டார். மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒன்று. இரண்டும் கயிற்றில் தொங்கி மேலும் கீழும் வழுக்கும். கயிற்றின் மறுமுனையில், பக்கச் சுவரோடு மறைந்த மரப்பெட்டிக்குள், இரும்புக் கட்டிகள் பாரம் பிடிக்க வேண்டும். எங்கள் படுக்கையறை யன்னலில் அந்த இரும்பை எந்தக் காலத்திலோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே மேல் சட்டம் நினைத்த நேரம் இறங்கிக் குந்திவிடும். அந்த இடைவெளியால் வரும் குளிர் நேரே என் மனைவி யோகத்தின் தலைமாட்டில் விழும்.

என் குறட்டையை இத்தனை வருடம் பொறுத்தவள் குளிரைப் பொறுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, எனக்கு இனி ஏலாது. கார்த்திகைக்கு முதல் இந்த யன்னலைத் திருத்தாட்டி நான் டார்ம்ஸ்டாட்டுக்கு மகளிட்டைப் போறன்.”

“போனா எப்ப திரும்பி வருவீர்?”

“தக்சாயினி வீட்டிலை பிளாஸ்டிக் யன்னல். நான் ஏன் திரும்பி வாறன்?”

பிளாஸ்டிக்கோடு போட்டி போடும் வயதா எனக்கு? முழங்காலைத் தடவிக்கொண்டு, பழைய கட்டடங்களைக் காக்கிற அரசாங்கக் கந்தோரின் படிகளில் ஏறினேன். அங்கே பீலிக்ஸ் என்ற அதிகாரி இருந்தார். என்னைவிடக் களைத்த முகம். யன்னல் பழமையானது, பிளாஸ்டிக் போடக்கூடாது, ஆணியும் அடிக்கக்கூடாது, பழைய முறையில் திருத்தலாம் என்றார். திருத்துகிற தச்சரிடம் தெர்மீன், அதாவது அவர் வருவதற்கு ஒரு நாள், எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அடுத்த ஆனியில் என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் சாய்ந்தேன்.

“இரும்பு இல்லாட்டி என்ன? பாரம் எண்டாப் பாரம்தானே. எதையாவது கட்டித் தொங்கவிடுங்கோவன்,” என்றாள் யோகம்.

“அரிசி போடுவமோ?”

“அரிசி தின்னுறதுக்கு. உங்கடை தங்கச்சி தந்த பயறு கிடக்கு. எவ்வளவு அவிச்சாலும் அவியாது, அவவைப் போலை. அதைப் போடுங்கோ.”

நான் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து அவள் இரண்டு நீளப் பைகள் தைத்தாள். நான் பயற்றை அடைத்து, கயிற்றில் முடிந்து, பெட்டிக்குள் இறக்கினேன். மேல் சட்டம் மெல்ல ஏறி, உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் கட்டிலில் இருந்து அதைப் பார்த்தோம். பாராட்டுவதற்கு ஒருவரிடமும் தெம்பு இல்லை.

ஈரத்துணியில் கட்டிய பயறு என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்தில் எந்தச் சமையலறையிலும் தெரியும். எங்களுக்குக் களைப்பில் மறந்துபோயிற்று. மழை பிடித்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் பீலிக்குழாய் ஒழுகிச் சுவர் ஊறியது. பயறு ஊறிப் பாரம் கூட, யன்னல் இன்னும் இறுகியது. பிறகு முளைத்தது. கயிறு ஓடும் கப்பித் துளையால் கொடி அறைக்குள் வந்து, வேர் மரத்தின் வெடிப்பையெல்லாம் அடைத்தது. ஊசியளவு காற்றும் நுழையவில்லை. மார்கழியில் ஹீட்டரை நிறுத்தினோம். யோகம் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, படுத்தபடியே காய் பறித்தாள்.

சோதனைக்கு வந்த பீலிக்ஸ் இதைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார்.

“ஹெர் கனகலிங்கம், இதை நான் எந்தச் சட்டத்துக்குள் போடுவது?”

மரஞ்செடிகளைக் காக்கும் இன்னொரு கந்தோருக்குப் போன் எடுத்தார். வெகுநேரம் தலையாட்டினார். யன்னல் சட்டம் பழையது, ஆகவே கழற்றக்கூடாது. அதில் வளர்வது உயிருள்ளது, ஆகவே வெட்டக்கூடாது. இனி இந்த யன்னலை நீங்களும் தொடவேண்டாம், நானும் தொடமாட்டேன் என்றார். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறெந்த அதிகாரியிடமும் கண்டதில்லை. யோகம் கொடுத்த பயற்றங்கஞ்சியை இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

“அப்ப, பிள்ளையிட்டைப் போறீரோ?” என்று கேட்டேன்.

“இந்தச் சூட்டை விட்டிட்டோ? உங்களுக்கு என்ன விசரே,” என்று சொல்லி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

அம்மன் ரயிலேற முதல் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யோகம் அந்த வருடம் ஐப்பசியிலேயே டார்ம்ஸ்டாட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.