பீங்கான் ஜாடியின் அடிப்பக்கம்

ஜாடி தலைகீழாக அவன் மடியில் இருக்கிறது, வாய் கீழே, அடி மேலே, அடியில் சிவப்புச் சதுரம், சதுரத்துக்குள் ஆறு சீன எழுத்துகள், இல்லை, மடியில் இருப்பது அம்மாவின் பழக்கூடை, பஸ் சமயபுரத்தைத் தாண்டிச் சென்னைப் பக்கம் ஓடுகிறது, ஆனாலும் பூபாலனின் கைகள் அந்த ஜாடியை விடவில்லை. பழைய சீனப் பீங்கானுக்கு வயது சொல்வது அவன் பிழைப்பு, முத்திரை தூரிகையால் எழுதியதா, ரப்பர் அச்சால் குத்தியதா, கோடு தடித்து மெலிகிறதா, எங்கும் ஒரே சீராக ஓடுகிறதா, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான், சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆசாமி, பெண் பார்க்கப் போன இடத்திலாவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உறையூரில் அந்த வீட்டுக் கூடம் இப்போதும் கண்முன் நிற்கிறது, சுகந்தி காப்பி கொடுத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவனுக்குப் பிடித்துப்போகிறது, அப்போதே மனசுக்குள் பத்திரிகை அடித்தாகிவிட்டது, அவள் அப்பா வைரக்கண்ணு கண்ணாடி அலமாரியைத் திறந்து ஜாடியை எடுக்கிறார், பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும், இது எங்கப்பா யுத்தத்தப்ப ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தாரே, அப்ப முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தது மாப்ள, மத்ததெல்லாம் காட்டுலயே போட்டுட்டாரு, இதை மட்டும் விடல, அடியில ஏதோ சீன ராஜா பேரு இருக்காம், நீங்கதான் படிச்சுச் சொல்லணும். மாப்பிள்ளை என்றதும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை, வாங்கிக் கவிழ்க்கிறான், ராஜாவும் இல்லை ஒன்றும் இல்லை, சீனா ஜிங்தெசென் என்று ஊர்ப்பெயர் போட்ட ரப்பர் முத்திரை, யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்து அரசாங்கத் தொழிற்சாலையில் குத்தியது, நிமிர்கிறான், சமையலறை வாசலில் சுகந்தியின் அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மெல்ல, மிக மெல்ல அசைக்கிறாள். பார்த்தான், பார்க்காமல் இல்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது, பார்த்த பிறகும் நாக்கு அரித்தது, தெரிந்ததைச் சொல்லிக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடுமே, மாமா, இது அறுபதுக்கு முன்னாடி இருக்க வாய்ப்பே இல்ல, தாத்தா தூக்கிட்டு வந்தது இது இல்ல.

வைரக்கண்ணு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, மனைவி பக்கம் திரும்பினார், அப்ப எங்கப்பா தூக்கிட்டு வந்தது எங்கடி என்றார், அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், செம்பருத்திக்குக் கீழ இருக்குங்க, துண்டு துண்டா, கல்யாணமான புதுசுல கழுவுறப்ப கை நழுவிருச்சு, மாமா அப்ப படுத்த படுக்கையா இருந்தாரு, சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டாரு, எங்கண்ணன்தான் பட்டணத்துல தேடி அதே சாயல்ல ஒண்ணு வாங்கியாந்துச்சு, அப்புறம் சொல்ல வாயே வரலீங்க. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, அவர் தோட்டத்துப் பக்கம் எழுந்து போனார், ஜாடி இன்னும் இவன் மடியில் கவிழ்ந்தே கிடந்தது, அந்த அம்மாள்தான் வந்து எடுத்தாள், இவன் கைபட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியல உனக்கு என்று அம்மா பக்கத்து சீட்டில் முணுமுணுக்கிறாள், அவனுக்கு அது காதில் விழவில்லை, வாசலில் செருப்பு மாட்டும்போது சுகந்தி சொன்னதுதான் கேட்கிறது, குரலை உயர்த்தாமல், இனிமே வராதீங்க, நான் பொறக்குறதுக்கு முன்னாடிலேர்ந்து எங்கம்மா காப்பாத்தி வச்சத, ஒரு காப்பி ஆறுற வரைக்கும் உங்களால காப்பாத்த முடியல. அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியே அலமாரி தெரிகிறது, அந்த அம்மாள் ஜாடியைப் பழைய இடத்திலேயே நிமிர்த்தி வைக்கிறாள், முத்திரை அடியில் மறைகிறது, ஜாடி நிமிர்ந்துவிட்டது, பஸ் பெரம்பலூரை நெருங்கியும் அவன் தலை இன்னும் நிமிரவில்லை.