இரண்டிலிருந்து நான்குக்கு எவ்வளவு தூரம்

ஊரே அவரை டேப் என்றுதான் கூப்பிடும். மருத்துவமனையில் உயரம் பார்க்கும் பலகை, தண்ணீர்த் தொட்டியில் ஆழம் காட்டும் பலகை, தராசின் முகப்பு என்று கோடும் எண்ணும் வருகிற எதையும் பெயின்டில் எழுதித் தருவது அவர் தொழில். இருபத்தாறு வருடத்தில் ஒரு கோடுகூடத் தள்ளி விழுந்ததில்லை. விழுந்ததில்லை என்று அவரே தினம் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். முதல் இடைவெளியின் நீளத்துக்கு ஒரு மரக்குச்சியை நறுக்கி, கடைசிக் கோடு வரை அதை நகர்த்தி வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மூலையில் தன் முத்திரையைச் சின்னதாக எழுதுவார். மயிரிழை பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய மச்சினி கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் எந்த எண்ணுக்கு லாகரிதம் கேட்டாலும் பிள்ளைகள் அட்டவணையைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். அது எதற்கு என்று கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்கள். அவள் ஒரு வழி யோசித்தாள். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு பலகை, இரண்டிலும் ஒன்று முதல் பத்து வரை எண்கள், கீழ்ப்பலகை மட்டும் நகர வேண்டும். நகர்த்தினால் பெருக்கல் விடை தானாகக் கண்ணில் படும். கால்குலேட்டர் போதாதா என்றார் தலைமையாசிரியை. கடைசியில், வெள்ளிக்கிழமை எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் செய்து காட்டட்டும், சரியாக வந்தால் அவள் வழியில் பாடம், வராவிட்டால் பழையபடி அட்டவணை என்று முடிவானது. எங்க மாமா எழுதினா பிசகாது என்று மச்சினி வேறு வாய்விட்டிருந்தாள்.

அவள் கொடுத்த மாதிரிப் படத்தை நம் ஆள் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒன்றும் இரண்டும் தாராளமாக விலகி நிற்க, போகப் போக எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு, எட்டும் ஒன்பதும் பத்தும் நெரிசல் பஸ்ஸில் ஏறினவர்கள் மாதிரி நின்றன. இந்த வியாதி அவருக்குத் தெரியாததா? பெயர்ப்பலகைக்கு மாதிரி எழுதி வருகிற எல்லாரும் இப்படித்தான். ஆரம்பத்தில் பெரிது பெரிதாக எழுதுவார்கள், தாள் தீர்ந்துபோகும், கடைசி எழுத்துகளை ஓரத்தில் திணிப்பார்கள். பாவம், டீச்சராக இருந்தாலும் தாள் தாள்தானே என்று நினைத்துக்கொண்டு, படத்தை நாலு ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார். எல்லா இடைவெளியையும் ஒரே அளவாக்கி ஜம்மென்று எழுதி முடித்தார்.

புதன்கிழமை மதியம் மச்சினி பட்டறைக்கு வந்தாள். மேல்பலகையின் இரண்டுக்கு நேராகக் கீழ்ப்பலகையின் ஒன்றைத் தள்ளி வைத்தாள். கீழே மூன்று எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஆறு வர வேண்டும். நாலு வந்தது.

"ரெண்டு மூணு நாலா?" என்று அவள் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. "மாமா, தாளோட பின்பக்கம் பாக்கவே இல்லையா?"

ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால், பின்னால் ஒவ்வொரு எண்ணும் எத்தனை சென்டிமீட்டரில் வர வேண்டும் என்று பட்டியலே இருந்தது. டேப்புக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"தாள் பத்தலைன்னு நெனச்சேம்மா" என்றார்.

அவளால் கோபப்படவும் முடியவில்லை. பலகையைத் தள்ளும்போது ஒரு நீளத்தோடு இன்னொரு நீளம் கூடத்தான் செய்யும், வேறெதுவும் நடக்காது என்று பொறுமையாகச் சொன்னாள். நீளத்தைக் கூட்டினால் எண்கள் பெருக வேண்டும் என்றால், ஒவ்வொரு எண்ணும் அதற்குரிய இடத்தில்தான் உட்கார வேண்டும். அந்த இடத்தின் பெயர்தான் லாகரிதம்.

வியாழக்கிழமை காலைக்குள் பழைய எண்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். பட்டியலைப் பார்த்து, கோணலும் மாணலுமாக என்று முணுமுணுத்தபடி புள்ளி வைத்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அறுபது சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும். கை பழக்கதோஷத்தில் அந்த நீளத்துக்குக் குச்சியை நறுக்கிவிட்டது. நறுக்கின பிறகுதான் இந்தப் பலகைக்குக் குச்சி உதவாதே என்று உறைத்தது. ஆனாலும் விடாமல் இரண்டு என்ற கோட்டில் குச்சியின் ஒரு முனையை வைத்தார். மறுமுனை நாலில் போய் நின்றது. நாலில் வைத்தார், எட்டில் நின்றது. மூன்றில் வைத்தால் ஆறு, ஐந்தில் வைத்தால் பத்து. எங்கே வைத்தாலும் குச்சி எண்ணை இரட்டித்தது, மயிரிழை பிசகவில்லை.

பக்கத்து அறையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தம்மா ஈரக்கையோடு குச்சியை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"அப்ப மூணு மடங்குக்கு வேற குச்சி இருக்கணுமேங்க?"

இருந்தது. ஒன்றிலிருந்து மூன்றுக்கு நறுக்கியது, இரண்டிலிருந்து ஆறுக்கும் மூன்றிலிருந்து ஒன்பதுக்கும் அப்படியே பொருந்தியது. கோணல் என்று நினைத்தது சம இடைவெளிதான், எண்ணுக்குச் சமமில்லை, மடங்குக்குச் சமம். இருபத்தாறு வருடமாகச் சம இடைவெளியைக் கட்டிக்கொண்டு அழுகிற தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லையே என்று வெட்கமாகவும், தெரிந்துவிட்டதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

மதிய இடைவேளை பார்த்து மச்சினிக்குப் போன் போட்டு, இந்த இடங்களையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நிலக்காரர் என்றாள். வானத்தைக் கணக்கிட்டவர்கள் பெரிய பெரிய பெருக்கலில் வாழ்நாளைத் தொலைத்ததைப் பார்த்து, பெருக்கலைக் கூட்டலாக்க உட்கார்ந்தவர். அட்டவணையைக் கையாலேயே போட்டு முடிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. லாகரிதம் என்ற பெயரையும் அவரே வைத்தார், விகிதம், எண் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து.

"விகிதம்னா நம்ம மடங்குதானேம்மா? குச்சி அதைத்தானே சொல்லுது" என்றார் டேப். இதை நாளைக்கு நீங்களே சொல்லுங்க மாமா என்றாள். போனை வைத்த பிறகும் அந்த இருபது வருடம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட மனிதன் இவ்வளவு பாடுபடுவானா? இந்த மனுஷன் முன்பின் தெரியாதவர்களுக்காகப் பட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை தானே பலகையைத் தள்ளினார். இரண்டு மூன்று ஆறு. இரண்டு நாலு எட்டு. டேப் தன் குச்சியை எடுத்து வைத்துக் காட்டியதும், பின்வரிசை ஆசிரியர்களும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து இந்த வழியிலேயே நடத்தும்மா என்று தலைமையாசிரியை சொல்ல, மச்சினி கூட வந்திருந்த தன் அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தலைமையாசிரியை பலகையின் மூலையைத் தடவிப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. பள்ளியின் உயரப் பலகையில் இருக்கும் முத்திரை இதில் ஏன் இல்லை, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"மறக்கலைங்க" என்றார் டேப். "கோடுதான் நான் போட்டது. இடம் அந்த நிலக்காரரு போட்டது."