மூன்றாம் மேட்டுப் பானையும் தோன் ஃபிதென்சியோவின் பசியும்

லிமா நகரின் தென்கோடியில், மூன்றாம் மேட்டுப் பொதுச் சமையலறையில் இருந்த அலுமினியப் பானை, ஆளுக்கு ஒரு கரண்டி என்று சமமாக ஊற்றினால் எண்பது கிண்ணம் சூப் தந்தது. தோன் ஃபிதென்சியோவுக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றினால் நூறு கிண்ணம் தந்தது. உள்ளே போட்ட உருளைக்கிழங்கும் கோழிக்காலும் இரண்டு நாளும் ஒரே அளவுதான். மேட்டின் ஒரே கடையும் ஒரே தண்ணீர் லாரியும் ஃபிதென்சியோவுடையவை. ஆனாலும் வீட்டில் அடுப்பு மூட்டுவதைவிட மலிவு என்று தினமும் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பார். ஒரு திங்கட்கிழமை பாதி அழுகிய வெங்காய மூட்டை ஒன்றை அவர் தானமாகக் கொடுத்தார். சமையலறைத் தலைவி தோன்யா எவுதோசியா மரியாதைக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். வரிசையில் இருந்த எண்பது பேரும் வாங்கிப் போன பிறகு பானையில் பத்தொன்பது கிண்ணம் மிச்சம் கிடந்தது. மறுநாள் அதையும் கேட்டு வாங்க ஆட்கள் வந்தார்கள்.

அதே வரிசையில் செனைதாவும் நின்றாள். பேருந்து நிலையத்தில் காலுறை விற்றவள், காசநோய் வந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டும். வயிறு நிறையாமல் விழுங்கினால் அப்படியே வாந்தியாகிவிடும். வெங்காயக்காரருக்குச் செய்த உபசாரத்தை நோயாளிக்குச் செய்தால் என்ன என்று எவுதோசியா அவளுக்கு இரண்டு கரண்டி ஊற்றினார். பானை எழுபதோடு நின்றுவிட்டது. கடைசியில் இருந்த பதினொரு பேர் வெறுங்கிண்ணத்தோடு நின்றார்கள், அவர்களில் ஒருத்தி சலவைக்காரி ஒப்துலியா. "இருமறது அவ, பட்டினி கிடக்கிறது நானா? ரொம்ப நல்லா இருக்கு தாயி உங்க நியாயம்" என்றாள். பானையைக் கவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். ஊசி நுழையும் ஓட்டைகூட இல்லை.

விஷயம் மேலிடத்துக்குப் போய், ஓர் இன்ஜினியர் வந்தார். மூன்று நாள் எங்கள் சூப்பையே குடித்துக்கொண்டு ஆராய்ந்தார். "பானையில கோளாறு இல்லை தோன்யா. பசிக்கிறவங்களுக்குக் கூடப் போட்டா கசியுது, பசிக்காதவருக்குக் கூடப் போட்டா ஊறுது. இதுல மனசு கஷ்டப்பட ஒண்ணுமில்லை" என்றார். ஃபிதென்சியோவுக்கும் இரண்டு, செனைதாவுக்கும் இரண்டு என்பது அவர் கண்டுபிடித்த வழி. பானை தொண்ணூறு கிண்ணம் தந்தது. எல்லோரும் சாப்பிட்டு எட்டு மிஞ்சியது. இன்ஜினியர் பானையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

உண்மையைச் சொன்னால், அடுத்த இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஃபிதென்சியோ தன் இரண்டாவது கரண்டியை விரதம் இருப்பவரின் முகத்தோடு குடித்தார். "நான் எனக்காகவா சாப்பிடறேன்? அந்தப் பொண்ணு பொழைக்கணுமேன்னு தொண்டைக்குள்ள இறக்கறேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். செனைதா தினமும் அவருக்கு எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள், சுவரில் பெயர்ப் பலகை பதித்தார்கள். மூன்றாவது கரண்டி கேட்டார். பானை ஐந்து கிண்ணம் கூட்டியது. நான்காவதற்கு இரண்டு கூட்டியது. ஐந்தாவதற்கு ஒன்று கூட்டியது, அந்த ஒன்றையும் அவரே குடித்தார். ஆறாவது கரண்டிக்கு எவுதோசியா கையை நிறுத்தினார். நான்காம் மேட்டுக்காரர்கள் புதுப் பானை வாங்கி, எட்டுக் கரண்டியும் நாற்காலிக்கு மெத்தையும் தருவதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். "என் பசிக்கு மரியாதை இருக்கிற இடத்துக்குப் போறேன்" என்று ஃபிதென்சியோ நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போனார். பெயர்ப் பலகை சுவரைவிட்டு வரவில்லை.

பானை மறுபடி எழுபதுக்கு இறங்கியது. அவர் போனதில் பட்டினிக்காரர்கள் பதினொன்றிலிருந்து பத்தானதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம். செனைதாவுக்கு இன்னும் நான்கு மாத மாத்திரை பாக்கி. நடுவில் விட்டால் அடுத்த முறை எந்த மாத்திரையும் கேட்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பனிமூட்டம் கதவுக்குள் வந்த ஒரு மதியம் எவுதோசியா எல்லோரையும் கூட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டார். கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். செனைதா கதவோரமாகப் போய் நின்றாள்.

ஒப்துலியாதான் வாயைத் திறந்தாள். "ஆளுக்கு ஒண்ணு ஊத்துங்க. எல்லாரும் சாப்பிடலாம், ஒருத்திதான் சாவா. இன்ஜினியர் கேட்டா சந்தோஷப்படுவார்." அவளே தொடர்ந்தாள்: "அவர் விட்டுட்டுப் போன பலகையில என் பேரை எழுதுங்க. நாளைக்கு எனக்குப் பசிக்காது."

"பொய் சொல்லாதடி" என்றார் எவுதோசியா.

"பொய்தான். எழுதுங்க."

பிறகு ஒன்பது பேர் சேர்ந்தார்கள், சிலர் அரை மனதோடு, இரண்டு பேர் பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததால். தினமும் வேறு பத்துப் பேர் என்று ஆனதில், எட்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வந்தது. முறை வந்த நாளில் எல்லோரும் செனைதாவைத் திட்டினோம், ஒப்துலியா கூடுதலாகவே திட்டினாள். நான்கு மாதம் கழித்து செனைதா குணமாகி வந்து ஒரே ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். பானை அன்று சரியாக எண்பது தந்தது. அடுத்த வாரம் கொத்தனார் அன்செல்மோ சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்; அவருக்கு இரண்டு ஊற்றியதும் பானை எழுபதில் நின்றது. பலகையில் முதல் பெயராகச் செனைதா தன் பெயரையே எழுதினாள்.

இது நடந்து பதினோரு வருடமாகிறது. நான்காம் மேட்டுப் பானை இப்போது நூற்றைம்பது கிண்ணம் தருவதாகவும், ஃபிதென்சியோ உள்ளே வர வாசலை இரண்டு முறை இடித்துக் கட்டியதாகவும் சொல்கிறார்கள். அங்கே வரிசையில் நோயாளிகளே கிடையாது என்று இன்ஜினியர் பெருமைப்படுகிறார். அவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் கசிவு சரியாகிவிட்டதா என்று வருடம் தவறாமல் அவரிடமிருந்து கடிதம் வருகிறது. இன்னும் இல்லை என்று பதில் எழுதிவிட்டு, எவுதோசியா மறுநாளைக்கான பத்துப் பெயர்களை வாசிக்கிறார். வியாழக்கிழமை என் முறை. அன்றைக்கு எனக்குப் பசிக்காது.