பத்தாவது தட்டு

என்னைப் போல ஒரு மடச்சி லோவெச் நகரத்திலேயே இருக்க மாட்டாள். இரண்டு நாள் அடுப்படியில் நின்று எட்டு வகை சமைத்தவளுக்கு, ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. மேசையில் வைக்கும் வகைகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை இழவு வீட்டுக்கு. நான் எட்டு செய்தேன். ரொட்டி, வேகவைத்த கோதுமை, பீன்ஸ் சூப், பீன்ஸ் அடைத்த காய்ந்த குடைமிளகாய், பூசணிச் சுருள், ஊறுகாய், உலர்பழச் சாறு, வால்நட் போட்ட தேன். ஒன்பதாவதாக, அரிசியை இலையில் சுருட்டி வேகவைக்கும் சர்மாவை மூத்த நாத்தனார் சோன்காவிடம் கேட்டிருந்தேன். இளையவள் கெர்கானாவிடம் வெறுங்கையோடு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன்.

அவர்கள் இருவரும் பேசி நான்கு வருடம் ஆகிறது. மாமியார் போன பிறகு வந்த முதல் பண்டிகையில், அம்மா சர்மாவைத் திராட்சை இலையில் சுற்றினாளா, முட்டைக்கோஸ் இலையில் சுற்றினாளா என்று ஆரம்பித்தது. ஒருத்தி கரண்டியை வீச, இன்னொருத்தி கதவைச் சாத்த, அதோடு முடிந்தது உறவு. ஒரே தெருவில் இருந்துகொண்டு ரொட்டி வாங்கக்கூட வேறு வேறு கடைக்குப் போகிறார்கள்.

என் மாமனார் பெனியோவுக்கு எண்பத்தொரு வயது. அக்டோபரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், "ரெண்டு பொண்ணுங்களும் பேசிக்கிறத ஒருதரம் கேட்டுட்டாப் போதும் மில்க்கா" என்றார். அந்த மனிதர் என்னிடம் அதுவரை உப்புக்கூடக் கேட்டதில்லை. எப்படி மறுப்பது? இருவரையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தேன்.

சோன்கா திராட்சை இலை சர்மாவோடு வந்தாள். பத்து நிமிடம் கழித்துக் கெர்கானாவும் ஒரு பாத்திரத்தோடு வந்து நின்றாள். மூடியைத் திறந்தால் முட்டைக்கோஸ் சர்மா. இரண்டு பேரும் என் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் தட்டில் கொட்டி மேசையில் வைத்தேன். எண்ணத்தான் இல்லை.

மாமனார் சாம்பிராணி காட்டி, ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்தபின் சாப்பாடு முடியும்வரை யாரும் எழக் கூடாது. எழுந்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும். மாமனாரிடம் பதினாலு கோழிகள் இருக்கின்றன.

அப்போதுதான் என் கணவன் வெசெலின் விரலை நீட்டி நீட்டி எண்ணினான்.

"மில்க்கா, பத்து இருக்கு."

"என்ன பத்து?"

"தட்டுதான். பத்து."

மாமனாரின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

"ஒண்ணைத் தூக்கிக் கீழ வெச்சிடலாமா?" என்றேன்.

"பண்டிகைக்குன்னு கீழ வைக்கோல் பரப்பியிருக்கும்மா. அதுவும் மேசை மாதிரிதான்" என்றார் மாமனார்.

"ஊறுகாயைச் சேக்காம விட்டா?" என்றான் வெசெலின்.

"வருஷா வருஷம் சேத்த ஊறுகாய் இன்னிக்கு மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

சோன்கா என்னைப் பார்த்து, "மில்க்கா, யாரும் கேக்காம வந்த தட்டு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் பத்தாவது" என்றாள்.

கெர்கானாவும் என்னைப் பார்த்தே, "மில்க்கா, அம்மா செய்யாத பண்டம் எதுன்னு அங்க கேளு. அதான் பத்தாவது" என்றாள்.

வெசெலின் குறுக்கே விழுந்தான். "ஒரு தட்டைத் தின்னு தீத்துட்டா? காலித் தட்டு கணக்குல வராதுல்லப்பா?"

மாமனார் யோசித்தார். "வராது."

அவன் சூப்பை நினைத்துச் சொன்னான், பாவம். சோன்கா கையை நீட்டித் தங்கையின் தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள். இதைத் தீர்த்துவிட்டால் மேசையில் தன்னுடையதுதான் நிற்கும் அல்லவா? கெர்கானா சும்மா இருப்பாளா? திராட்சை இலைத் தட்டு அவள் பக்கம் போனது. இருவரும் போட்டி போட்டு விழுங்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, மெதுவா! புரையேறும்!" என்று சோன்காவைப் பார்த்துக் கத்தினேன்.

"கெர்கானா, விடாத! இன்னும் ஏழுதான்!" இது வெசெலின். கால்பந்து பார்க்கிறவன் மாதிரி கத்தினான்.

"அட அறிவு கெட்டவங்களே, ரெண்டும் தீந்தா எட்டு! எட்டும் இரட்டைதான்!" என்று நான் மேசையைத் தட்டினேன். யார் காதில் விழுந்தது? சோன்காவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கெர்கானா பாவாடை நாடாவைத் தளர்த்திக்கொண்டாள்.

ஒவ்வொரு தட்டிலும் ஒன்று மிஞ்சியது. சோன்கா நின்றாள். வாயில் இருந்ததை வெகுநேரம் மென்றாள்.

"மில்க்கா, இதுல காஞ்ச புதினா போட்டிருக்கான்னு கேளு."

"போட்டிருக்குன்னு சொல்லு. அம்மா அப்படித்தான் போடுவா. அங்க எலுமிச்சை ஒரு சொட்டு தூக்கலா இருக்குன்னு சொல்லு," என்ற கெர்கானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாவோடதும் அப்படித்தான் இருக்கும்."

மாமனார் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ ரெண்டுலயும் சுத்துவா. அன்னிக்கு எந்த இலை கெடச்சுதோ அது."

"இத நாலு வருஷமா ஏம்மாமா சொல்லல?" என்று அலறினேன்.

"யாரு எங்கிட்ட கேட்டீங்க?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. நாத்தனார்கள் இருவரும் தலை நிமிரவில்லை. பிறகு கெர்கானா கடைசித் திராட்சை இலைச் சர்மாவை எடுத்து, எட்டி, அக்கா முன்னால் இருந்த முட்டைக்கோஸ் சர்மாவின் பக்கத்தில் வைத்தாள். அவள் முன்னால் இருந்த தட்டு காலியானது.

"ஒன்பது!" என்று கூவினான் வெசெலின்.

இனி மற்ற தட்டுகளில் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டு எழ வேண்டியதுதான் பாக்கி. நான் மூச்சு விட்டேன். அதற்குள் மாமனார் முள்கரண்டியோடு முன்னால் சாய்ந்தார். "நான் இன்னும் சர்மாவே சாப்பிடலியே. அந்த ரெண்டையும் இங்க தள்ளுங்க."

"அப்பா, வேணாம்!"

இரண்டு பேரும் ஒரே குரலில் போட்ட சத்தத்தில் தேன் கிண்ணம் ஆடியது. கத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"பிடுங்குக்கா அந்தக் கரண்டியை! இவரு பாட்டுக்கு எட்டாக்கிடுவாரு!"

"நீ தட்டைப் பிடிடி மொதல்ல! எனக்கு மூச்சே விட முடியல!"

மாமனார் கரண்டியைத் தானாகவே கீழே வைத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"இன்னொருதரம் திட்டுங்கடி" என்றார்.