நாற்பதடிக் கயிறு

அக்கா புது வலையின் அட்டைப்பெட்டியைக் கத்தரியால் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் சாஃப்ட்பால் பயிற்சியாளராக இருக்கும் பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை அது. பந்தெறியும் பெண்களுக்காக, அதாவது பிட்சர்களுக்காக, இந்த வருடம் ஏகப்பட்டது வாங்கியிருக்கிறார்கள். குறிபார்த்து எறிந்தால் பந்து விழ ஒன்பது பைகள் தைத்த வலை, வேகம் காட்டும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, மணிக்கட்டைச் சுண்டப் பழக்கும் ரப்பர் பட்டை. சனிக்கிழமை, பள்ளியில் யாருமில்லை; வலை மாட்டக் கூடமாட ஒத்தாசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் வந்ததென்னவோ வலை மாட்ட அல்ல. முப்பத்திரண்டு வருடமாக அவளிடம் மறைத்ததை இன்றைக்காவது சொல்லித் தொலைக்கவேண்டும் என்று வந்திருந்தேன். சொன்ன பிறகு அக்கா என்னோடு பேசுவாளா, தெரியாது. சண்டை போடக்கூட எனக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

"இத்தனையும் இருந்திருந்தா நான்கூட பிட்சர் ஆயிருப்பேன்" என்றேன்.

"நீயா? குந்தின இடத்துலயே வேலை முடிஞ்சிரும்னுதானே பந்து பிடிக்கிற கேட்சர் ஆன."

அது உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சின்ன வயதில் எங்களிடம் இருந்த உபகரணங்களைப் பார்த்தால் இந்தக் காலத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாற்றலாகிப்போன டீச்சர் விட்டுச்சென்ற ஒரு பந்து, ஒரு கையுறை, ஒரு விதிமுறைப் புத்தகம். பந்து சரியாகச் சுழல்கிறதா என்று பார்க்க அதன் பாதிக்கு அம்மாவின் நகப்பூச்சைப் பூசியிருந்தோம். பந்து போகவேண்டிய உயரத்தைக் காட்ட இரண்டு கம்புகளை நட்டு, முழங்கால் உயரத்தில் ஒன்றும் நெஞ்சு உயரத்தில் ஒன்றுமாக இலாஸ்டிக் கட்டியிருந்தோம். அம்மா வீட்டிலேயே துணி தைத்தவள். "அரை மீட்டர் இலாஸ்டிக் எங்கடி போச்சு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் பூனைகள் மாதிரி உட்கார்ந்திருப்போம். எறியும் தூரம் நாற்பது அடி என்று புத்தகம் சொன்னது. அம்மாவின் தையல் டேப் ஐந்தடி. எட்டு தடவை வைத்து அளந்து, ஒரு கொடிக்கயிற்றை வெட்டி வைத்துக்கொண்டோம்.

தினமும் சாயங்காலம் எங்கள் தெருக் கிடங்குச் சுவருக்குப் பின்னாலிருந்த சந்தில் அக்கா ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொள்வாள். மறுமுனையை இழுத்துக்கொண்டு நான் ஓடுவேன். கயிறு முடிகிற இடத்தில் நான் குந்துவேன்; எனக்கு மூன்றடி முன்னால், மட்டை பிடிப்பவள் நிற்கும் இடத்தைக் காட்டும் ஐந்து மூலைப் பலகையை வைப்பேன். பந்து என் கைக்குத்தானே வருகிறது, அப்படியானால் தூரமும் என் கை வரைக்கும்தான் என்று என் பதிமூன்று வயது மூளை கணக்குப் போட்டது. ஒன்றரை வருடம். அக்காவின் பந்து நேராக வரும், வரும், பலகையைத் தொடும் நேரத்தில் சட்டென்று கீழே இறங்கும்; மட்டையை ஏமாற்றத்தான் அந்த இறக்கம். "விழுந்துச்சுக்கா" என்று நான் கத்துவேன். அந்தச் சாயங்காலங்களைப் போல ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை. இப்போதும் நினைத்தால் வயிற்றுக்குள் இனிக்கிறது, கூடவே எரிகிறது.

மாவட்ட அணித் தேர்வில் இருபது பந்து கொடுத்தார்கள். பதினாலு பந்து பலகைக்கு முன்னாலேயே மண்ணில் விழுந்தது. திரும்பும்போது பேருந்தில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "பயந்துட்டேன்டி, கை நடுங்கிருச்சு" என்றாள். நானும் நம்பினேன். அடுத்த மாதம் அதே மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்க்கப் போனபோது, சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் அளவு டேப்பைப் பலகையின் பின்மூலையில் வைத்து நிறுத்தினார். கேட்சர் அதற்கும் பின்னால் போய் உட்கார்ந்தாள். பலகை வரைக்கும்தான் நாற்பதடி; நாங்கள் பழகியதோ முப்பத்தேழு. மூன்றடி. வீட்டுக்கு வந்து வாயே திறக்கவில்லை.

வலையையும் ஒரு வாளிப் பந்துகளையும் ஒரு கையுறையையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தோம். அக்கா டேப்பின் நுனியை என்னிடம் நீட்டினாள்.

"பின்மூலையில வை. கிட்டக்க இல்ல, மூலையிலயே." வைத்தேன். அவள் எறியும் இடம் வரை டேப்பை இழுத்துக் குறி போட்டு, பந்துகளை அங்கேயே கொட்டிவிட்டு, காலி வாளியோடு திரும்பி வந்தாள். "இந்த வருஷம் ஒருத்தி வந்திருக்கா. அருமையா போடுறா, ஆனா ஆட்டம்னா உதறல். என் கதையத்தான் சொல்லிவெச்சிருக்கேன். கை நடுங்கினா என்ன ஆகும்னு தெரியட்டும்."

"உன் கை நடுங்கலக்கா."

மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். கயிறு, நான் குந்திய இடம், மூன்றடி, சுண்ணாம்புக்காரர், எல்லாம். முழுக்கக் கேட்டாள். டேப்பைச் சுருட்டப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"மாநில டீமுக்குக் கோச்சா ரெண்டு தடவ கூப்பிட்டாங்க, உனக்குத் தெரியுமில்ல" என்றாள். "வீட்ட விட்டு வர முடியாதுன்னு சொன்னேன். அது பொய்டி. நெருக்கடியில நடுங்குறவளுக்கு அது எதுக்குன்னுதான் போகல."

என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் கூச்சமாக இருந்தது, செய்ததையும் செய்துவிட்டு.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல."

"நீ பேசமாட்டியோன்னு பயமா இருந்துச்சு."

"பேசியிருக்க மாட்டேன்தான்" என்றாள் அக்கா. டேப்பைச் சுருட்டி முடித்து, "ஒரு மாசம்" என்றாள்.

பிறகு குனிந்து பலகையை எடுத்தாள். மூன்று காலடி எண்ணி முன்னால் கொண்டுபோய், எங்கள் பழைய சந்து அளவுக்கே வைத்தாள். வலையைத் தொடவேயில்லை. கையுறையை என் கையில் கொடுத்து, "உட்காரு" என்றாள். இந்த வயதில் எனக்குக் குந்த வராது. பலகை முன்பு இருந்த இடத்தில் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

அக்கா நடந்துபோய் எறியும் இடத்தில் நின்றாள். பந்துகள் அவள் காலடியில் கிடந்தன. நான் கையுறையை விரித்துக் காத்திருந்தேன். அவள் இன்னும் குனிந்து எடுக்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.